வாய்க்குக் காவல்

எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஒரு வாயைக் காவல் காத்தோம். வாய் என் அண்ணனுடையது. அதில் யாரும் ஒரு கரண்டி பால்கூட ஊற்றிவிடக் கூடாது, அதற்குத்தான் காவல். ஊற்ற வந்தவர்கள் பகையாளிகள் இல்லை. எல்லாரும் சொந்தக்காரர்கள், அழுதுகொண்டே படியேறியவர்கள். பகையாளியாக இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த அண்ணன், ஞாயிற்றுக்கிழமையானால் தென்காசியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு குற்றாலம் போய்விடுவான். தலையில் வைத்த எண்ணெய் முழுக்கப் போகும்வரை பேரருவியில் நிற்க வேண்டும் அவனுக்கு. அன்றைக்கு மலைமேல் நல்ல மழை. தண்ணீர் கலங்கி வந்ததைப் பார்த்துக் கூட நின்றவர்கள் விலகிவிட்டார்கள். இவன் இன்னும் ஒரு நிமிஷம் என்றிருக்கிறான். தண்ணீரோடு வந்த கல் பின்மண்டையில் விழுந்தது. ஒரு தேங்காய் அளவுகூட இராது என்றார்கள், என்னவோ அது எங்களுக்கு ஆறுதல் என்பதுபோல.

முதலில் தென்காசி ஆஸ்பத்திரி, அப்புறம் பாளையங்கோட்டை. ஐந்து வாரம் கழித்து அங்கிருந்த டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். மூளை பலமாக அடிபட்டுவிட்டது. கண்ணைத் திறப்பான், மூடுவான், மூச்சு தானாக ஓடும். ஆனால் ஆளைத் தெரியாது, இனிமேல் தெரியப் போவதும் இல்லை. விழுங்க வராது. அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ரப்பர் குழாய் விட்டிருந்தார்கள். ஆகாரமெல்லாம் அதில்தான். வாயில் ஊற்றினால் நேரே நெஞ்சுக்குள் போய் ஆளையே முடித்துவிடும் என்றார். வலது பக்கம் அசைவில்லை. இடது கை மட்டும் அவ்வப்போது எழும்பி முகத்துப் பக்கம் போகும். "அது தன்னால அசையுற கை, அதுல அர்த்தம் தேடாதீங்க" என்றவர், குழாயை இழுத்துவிடாமல் அந்தக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டி வைக்கவும் சொன்னார். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அன்றே வீடு இரண்டாகிவிட்டது. மதினிக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. பண்பொழிக்காரி. பாலையும் கஞ்சித் தண்ணீரையும் இரண்டு தடவை வடிகட்டி, சூடு பார்த்து, புனல் வைத்துக் குழாயில் ஊற்றுவாள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. ஊற்றும்போது பேசிக்கொண்டே இருப்பாள், இன்றைக்குக் கத்தரிக்காய் என்ன விலை, எதிர்வீட்டுப் பசு ஈன்றுவிட்டது என்று. அண்ணன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

அம்மா அந்த அறைக்குள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போவாள். கால்மாட்டில் நின்றுவிட்டு வந்துவிடுவாள். "எம்பிள்ளை அருவியிலேயே போயிட்டான். இங்கன கெடக்கது வெறும் மூச்சு. அதை என்னத்துக்குப் பிடிச்சு வச்சுக் கஷ்டப்படுத்துதா அவ?" என்பாள். மதினி காதில் விழும்படிதான் சொல்வாள். மதினி பதிலுக்குப் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். நடுவில் நான், இருபது வயது, ஆரம்பப் பள்ளி வாத்திச்சி. அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டிக்கொண்டு போவேன். சாயங்காலம் திரும்பி வந்து, இந்த மதினிக்குப் புத்தி பிசகிவிட்டது, பொம்மைக்குச் சோறூட்டுகிறாள் என்று நினைப்பேன். இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபத்தில் எது நியாயம் என்று யோசிக்கவே நேரம் இருக்கவில்லை.

அப்பா காலமாகி நாளாகிவிட்டதால் வீட்டுக் காரியமெல்லாம் பெரியப்பா பார்த்துதான் நடக்கும். நல்ல மனுஷன், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். எங்கள் பக்கத்தில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், மண்ணாசை விடமாட்டேன் என்கிறது என்பார்கள். அவனவன் சொந்த நிலத்து மண்ணை எடுத்து வந்து, பாலில் கரைத்து, சொந்தபந்தமெல்லாம் கூடி ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் விடுவார்கள். ஆசை தீர்ந்து உயிர் அடங்கிவிடும் என்று நம்பிக்கை. அண்ணன் வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளத்துக்குக் கீழே இருந்த எங்கள் வயலிலிருந்து ஒரு பிடி மண்ணைச் செம்பில் போட்டுக்கொண்டு பெரியப்பா வந்து நின்றார். கூடவே ஏழெட்டுப் பேர். அம்மா அடுக்களையிலிருந்து பாலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மதினி கட்டிலில் ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையால் அண்ணன் வாயை மூடிக்கொண்டாள்.

"கையை எடும்மா" என்றார் பெரியப்பா.

"எடுக்க மாட்டேன் மாமா. வாயில ஊத்துனா அவுக செத்துப் போவாகன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அவனைக் கொல்லவா நாங்க வந்திருக்கோம்? போகமாட்டாம கெடக்க உசுருக்கு வழி விடுதோம். பெத்தவளே பாலைக் கொண்டாந்து தந்துட்டா. நீ குறுக்க நிக்கே."

மதினி கையை நகர்த்தவில்லை. பிறகு சொன்னாள்: "ஊத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னீயன்னா, வடிகட்டித் தாங்க. குழாய்ல ஊத்துதேன். வயித்துக்குத்தான போகணும்?"

பெரியப்பா உண்மையாகவே யோசித்தார். செம்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "நாக்குல படாம எப்படிம்மா ஆசை தீரும்?" என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர், அதானே என்றார்கள். மண்ணை வடிகட்டினால் அது வெறும் பால்தானே என்றார் இன்னொருவர். குழாய் வழியாகப் போனால் கணக்கில் சேருமா சேராதா என்று, படுத்துக் கிடந்தவன் தலைக்கு மேலேயே ஒரு வழக்கு நடந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேறு வீட்டில் நடந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

கடைசியில் பெரியப்பா செம்பை ஜன்னலில் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன், அதற்குள் மனசைத் திடப்படுத்திக்கொள், அன்றைக்கு உன் கையைப் பிடித்து இழுக்கும்படி வைத்துவிடாதே என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து மதினி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். அம்மாவைத் தனியாக அறைக்குள் விடமாட்டாள். குளிக்கப் போகும்போது மட்டும் என்னை உட்கார வைப்பாள். அம்மாவை நம்பவில்லை, என்னை நம்பினாள்.

வியாழக்கிழமை காலை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் இடது மணிக்கட்டில் துணிக்கட்டு உரசி உரசித் தோல் சிவந்து நீர் கோத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மதினி வருவதற்குள் கட்டிவிடலாம் என்று அவிழ்த்துவிட்டு, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க அலமாரிப் பக்கம் போனேன். திரும்பும்போது பார்க்கிறேன், அந்தக் கை எழும்பி, மெதுவாக மூக்குக்குப் போய், குழாயைப் பிடித்து, இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லாமல் இழுத்தது. நான் ஓடுவதற்குள் முழுக்க வெளியே வந்துவிட்டது. குழாயைப் பிடுங்கி என் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அப்போது அம்மா அறை வாசற்படியில் நின்றாள். என் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஈரத்தலையோடு மதினி வந்தாள். "யாரு எடுத்தது?" என்றாள். குரல் உயரவில்லை.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கட்டை அவிழ்த்தது நான். என்னை நம்பி விட்டுப் போனவள் எதிரே நிற்கிறாள். அம்மா உள்ளே வந்து என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டாள்.

"நாந்தான் எடுத்தேன்" என்றாள்.

அம்மா சமயம் பார்த்துப் புகுந்துவிட்டாள், தானாக வந்த வாய்ப்பை விடாமல் பிடித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பொய்க்குள் நானும் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கம்பவுண்டரைக் கூட்டி வந்து, அரைமணி நேரத்தில் குழாயைத் திரும்பப் போட்டிருப்பாள் மதினி. அவள் பெரியப்பாவோடு மல்லுக்கு நின்றவள். ஊரையே எதிர்த்து நின்றிருப்பாள். ஆனால் பெற்றவளே தன் கையால் எடுத்துவிட்டாள் என்றதும் அவளிடம் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை.

மதினி வெகுநேரம் அண்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்தாள். "நீங்க பெத்தது அத்தை. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். அன்று அவள் குழாயும் கேட்கவில்லை, கம்பவுண்டருக்கு ஆளும் அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியப்பா வந்தார். மண் கரைத்த பாலை அவர் முதலில் ஊற்றினார், பிறகு அம்மா, பிறகு மற்றவர்கள். அண்ணனுக்குப் புரையேறியது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, உடம்பே தூக்கிப் போட்டது. கொஞ்சம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஊற்றினார்கள். என் முறைக்கு நானும் ஒரு கரண்டி விட்டேன். மதினி வரவில்லை. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் காய்ச்சலில் நெஞ்சு கரகரத்துக் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனான். ஆசை தீர்ந்துவிட்டது என்றார் பெரியப்பா.

பதினாறு கழிந்ததும் மதினி பண்பொழிக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் குழாயைப் பிடுங்கினவள் என்று ஊரில் பேச்சு பரவியது. கோவிலுக்குப் போனால் நாலு பேர் பேச்சை நிறுத்துவார்கள். அம்மா ஒரு தடவை பண்பொழிக்கு மலைக்கோவில் தரிசனம் என்று சொல்லிப் போய், மதினி வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறாள். தண்ணீர் கொடுத்தனுப்பினார்களாம், மதினி வெளியே வரவில்லையாம். இதையெல்லாம் அம்மா ஒரு சலிப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டாள். செய்யாததைச் செய்தேன் என்று சொன்னாயே, அனுபவி என்று நானும் மனதுக்குள் இருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு வந்திருந்தேன். அண்ணன் போய் ஆறு வருஷம். ஒரு மத்தியானம், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பெற்ற தைரியமோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அன்னைக்கு நீ எடுத்தேன்னு ஏன் சொன்னே?"

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "பின்னே என்ன சொல்லச் சொல்லுதே? குழாய் உன் கையிலல்லா இருந்துச்சு. கல்யாணம் ஆகாத பிள்ளை. அண்ணனைக் கொன்னவன்னு பேர் வந்துச்சுன்னா எவன் கட்டுவான்?"

ஆறு வருஷமாக அவள் எனக்காகச் சுமந்திருக்கிறாள். நான் அவளைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு, அவள் சமைத்துப் போட்டதைத் தின்றிருக்கிறேன். எனக்கு அழுகை பொங்கியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் எடுக்கவில்லையம்மா, கட்டை அவிழ்த்தது மட்டும்தான் நான், அவனே இழுத்தான், என் கண்ணால் பார்த்தேன், நம் இரண்டு பேர் மேலும் அந்தப் பழி இல்லை என்றேன். இப்போது அம்மா முகம் தெளியும், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவனேவா?" என்றாள். "எந்தக் கை?"

"இடது கைதாம்மா. டாக்டர் சொன்னாருல்லா, அது தன்னால அசையுத கைன்னு."

"சின்னதுல அவனுக்கு எல்லாமே இடது கைதான். தட்டுலயும் அதைத்தான் வைப்பான். நான்தான் அடிச்சு அடிச்சு மாத்துனேன்." அம்மா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். "அப்ப அவன் உள்ளதான் இருந்திருக்கான். நாம மண்ணுப்பாலை ஊத்தும்போதும் இருந்திருக்கான்."

இல்லையம்மா, இல்லையம்மா என்றேன். டாக்டர் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னேன். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த நாலு வருஷமும், ஊருக்கு வந்த போதெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். நம்பவில்லை.