படத்தில் இருந்த பச்சை

2010 கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, என் அண்ணன் ஆரோக்கியராஜ் சார்ஜாவுக்குக் கிளம்பினான். முதுநகரில் அவன் நடத்திய மீன்தொட்டிக் கடையின் சாவியை அண்ணி வெண்மதியிடம் கொடுத்து, "யாருக்காவது வாடகைக்கு வுட்டுரு" என்றான்.

அவனுக்கு ஊரைவிட்டுப் போகவே பிடிக்காது. வடக்கே சில வருடங்கள் சுற்றிவிட்டு நான் அந்த ஐப்பசியில் திரும்பியபோது, "ஊர் ஊரா அலைஞ்சி என்னாத்தக் கண்ட? நான் கடலையே கடைக்குள்ள கொண்டாரப் போறேன் பாரு" என்று சீண்டினான். சிதம்பரத்தில் லாட்ஜ் நடத்தும் ராஜமாணிக்கம், வரவேற்பறையில் உயிருள்ள கடல்பவளம் வளரும் கண்ணாடித்தொட்டி வைக்கச் சம்மதித்திருந்தார். பராமரிப்பு வேலையும் அண்ணனுக்கே. அது அமைந்தால் மாமனார் ஏற்பாடு செய்த விசாவை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இணையத்தில் சென்னை வியாபாரி ஒருவர் போட்டிருந்த பவளத்தின் படத்தைக் காட்டித்தான் அந்தச் சம்மதத்தை வாங்கியிருந்தான். இருட்டில் எரிவதுபோல் பச்சை, ஓரமெல்லாம் ஊதா. அவரிடமிருந்து வந்த பார்சலைப் பிரித்துக் கடையின் வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தபோது, பவளம் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

ராஜமாணிக்கம் வந்து பார்த்தார். "என்னாப்பா ஆரோக்கியம், படத்துல மயிலாட்டம் இருந்துச்சி. இது ஊறப்போட்ட முந்திரித்தோலு மாதிரி கெடக்கு?"

"பயணத்துல வாடிப்போச்சி சார். கொஞ்ச நாள்ல நெறம் ஏறிடும்."

"ஏறட்டும். அப்பறம் கொண்டா."

அண்ணன் வருடக்கணக்கில் கோல்டுஃபிஷ் விற்றவன். மீன் நிறம் மங்கினால் தண்ணீரை மாற்ற வேண்டும். அவன் அறிந்த வைத்தியம் அதுதான். தினமும் விடியலில் தேவனாம்பட்டினம் போய், கேன்களில் கடல்தண்ணீர் பிடித்துவந்து மாற்றினான். மழைக்காலம். கெடிலம் ஆறு வெள்ளமாகக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பூவாக விரிந்து அசைந்த பவளம் நாளுக்கு நாள் சுருங்கியது. சுருங்கச் சுருங்க, இன்னும் அதிகமாக மாற்றினான்.

"நெறம் வரல, என்னா செய்யட்டும்னு கேட்டு எழுதும்மா" என்றான். என் மின்னஞ்சலிலிருந்து வியாபாரிக்கு எழுதினேன். பதில் இல்லை.

கார்த்திகையில் பவளம் கரைந்துபோய், நாற்றம் தெருவுக்கு வந்தது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைக் கழுவினாள். அவன் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் மாமனாருக்குப் போன் போட்டு, "வரேன்னு சொல்லிடுங்க மாமா" என்றான்.

இப்போது சார்ஜாவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். போனில் பிள்ளைகளை விசாரிப்பான், மழையை விசாரிப்பான். மீன் பேச்சை எடுப்பதில்லை. கடையில் யாரோ செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள்.

2012 மாசியில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

"மன்னிக்கவும், உங்கள் பழைய மெயில் இப்போதுதான் கண்ணில் பட்டது. பயப்பட ஒன்றுமில்லை. அந்த வகைப் பவளம் வெள்ளை விளக்கில் பழுப்பாகத்தான் தெரியும். படம் நீல விளக்கில் எடுத்தது. ஒரு நீல பல்பு போடுங்கள், படத்தில் இருப்பதுபோலவே தெரியும். தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றிவிடாதீர்கள்."