குறுக்குச் சுவர் இல்லாத வீடு

காற்று என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஆடி மாதம் ஊரே வாசலில் வந்து உட்கார்ந்து காற்று வாங்கும். நான் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பேன். "இன்னாக்கா, இப்படிப் புழுங்குது, கொஞ்சம் திறந்துதான் வையேன்" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். காற்று ஒரு வீட்டை என்ன செய்யும் என்று இவர்களுக்கு என்ன தெரியும்? நான் பார்த்தவள்.

நான் பிறந்தது முசரவாக்கத்தில். அங்கே வீடுகள் தாழ்வாக, ஆளுக்கொரு இடத்தில் கிடக்கும். அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகிக் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவுக்கு வந்தேன். இங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. பக்கத்து வீட்டில் அம்மியில் அரைத்தால் எங்கள் சுவர் அதிரும். அது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அப்படி ஒட்டி நின்றதால்தான் அந்த வீடுகள் எந்தப் புயலுக்கும் அசையவில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது.

மாமனார் காலமானதும் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் என் கணவருக்கு அண்ணன், எனக்கு மூத்தார். வேறு ஊராக இருந்தால் முன்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு ஒருவருக்கு என்று குறுக்கே பிரித்திருப்பார்கள். எங்கள் தெருவில் அதை யாரும் நினைத்தே பார்க்க மாட்டார்கள். தறிக்கு நீளம் வேண்டும். பாவு நூலை நீட்டி இழுத்துக் கட்ட இடம் இல்லாத வீடு இவர்களுக்கு வீடே இல்லை. அதனால் வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நீளவாக்கில் பிரித்தார்கள். நடுவில் ஒரே ஒரு பொதுச் சுவர். எங்கள் பாகத்தின் அகலத்தைக் கேட்காதீர்கள். ஒரு கட்டிலைக் குறுக்கே போட்டால் அந்தப்பக்கம் போக வேண்டியவர் கட்டிலின் மேல் ஏறித்தான் போக வேண்டும்.

அந்த நீளமும் என் கணவருக்குப் போதவில்லை. ஒரு தறிக்குப் பின்னால் இன்னொரு தறி போட ஆசை. நடுவில் இரண்டு குறுக்குச் சுவர்கள் பாவுக்கு இடைஞ்சலாக இருந்தன. ஆளை வைத்து இரண்டையும் இடித்தார். வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரிந்தது. "இப்பதான் வீடு வீடா இருக்குது" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். தெருக்காரர்களும் வந்து பார்த்து ஆமாம் என்றார்கள். எல்லாரும் நெசவாளிகள், எல்லார் கண்ணும் பாவின் நீளத்தைத்தான் பார்க்கும்.

தறியைக் கீழே வைத்தாகிவிட்டது, குடித்தனம் நடத்த இடம்? மேலே ஒரு மாடி எழுப்பினார். அதோடு விட்டாரா மனுஷன்? அதன் மேல் இன்னொன்று, ஓட்டுக்கூரை போட்டு. தெருவிலேயே உயரமான வீடு எங்களுடையதுதான் என்று அவருக்கு ஒரே பெருமை. அகலம் மட்டும் கீழே எவ்வளவோ மேலேயும் அவ்வளவே.

"நடுச்சுவரு ரெண்டு பேருக்கும் பொதுடா. அது தலையில இத்தினி பாரத்த ஏத்தாத" என்று மூத்தார் வந்து சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"என் பாகத்துல நான் ஆகாசம் வரைக்கும் கட்டுவேன். உனக்கு இன்னா போச்சு?" என்றார் என் கணவர்.

அதோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷம் மூத்தார் தன் பாகத்தை இடித்துவிட்டுச் செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு போனார். மரமெல்லாம் கரையான் அரித்துவிட்டது என்று அவர் சொன்னார். தம்பியின் மேல் இருந்த ஆத்திரம் என்று இவர் சொன்னார். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து உத்திரங்களைப் பிடுங்கியபோது நடுச்சுவர் முழுக்கப் பொந்து பொந்தாக ஆனது மட்டும் தெரியும். வடக்கே பக்கத்து வீடு தாழ்ந்த ஓட்டு வீடு. தெற்கே மூத்தார் இடித்துப்போட்ட காலி மனை. நடுவில் எங்கள் வீடு ஒல்லியாக, ஒண்டியாக நின்றது.

காற்று அடித்தால் மேல்மாடியில் சொம்புத் தண்ணீர் தளும்பும். காலையில் சாத்திய கதவு சாயங்காலம் சாத்த வராது. ஒரு நாள் என் மகள், அப்போது பேசக் கற்றுக்கொண்டிருந்த வயது, "அம்மா, வீடு தூளி ஆடுது" என்றாள். கணவருக்குச் சொல்லாமல் அடுத்த தெருவில் இருந்த கட்டட ஓவர்சியரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். நடுச்சுவரில் ஒரு விரிசலின் மேல், குறுக்காகக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். "சுவரு நகர்ந்தா கண்ணாடி ஒடஞ்சிடும். ஒடஞ்சா எனக்குச் சொல்லுங்கம்மா" என்றார். புரட்டாசி முடிவதற்குள் உடைந்தது.

மறுபடி வந்தபோது என் கணவரும் இருந்தார். ஓவர்சியர் கோயில் கோபுரத்தைக் காட்டினார். எங்கள் மேல்மாடிப் படியிலிருந்து அது நன்றாகத் தெரியும்.

"அது எப்படி நிக்குது பாருங்க. கீழ அகலம், மேல போகப் போகக் குறுகல். பாரம் பூரா அடியில இருக்குது. உங்களுது மேலயும் கீழயும் ஒரே ஒடிசல். காத்து பக்கவாட்டுல மோதினா காலை அகட்டி நிக்க இடமில்ல."

"தென்ன மரம் நிக்கலியா? அதுக்கு இன்னா அகலம்?" என்றார் என் கணவர்.

"மரம் வளஞ்சு குடுக்கும்பா. செங்கல்லு வளையாது, ஒடையும். உள்ள குறுக்குச் சுவரு இருந்தா அதுங்க ரெண்டு பக்கத்தையும் கெட்டியாப் புடிச்சுக்கினு இருந்திருக்கும். அதையும் இடிச்சிட்டீங்க."

நான் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறவள். குறுக்கே ஊடை ஓடாவிட்டால் பாவு வெறும் நூல்தான் என்று எனக்குத் தெரியாதா? என் கணவருக்குத்தான் தெரியாதா? துணியில் தெரிந்தது அந்த மனுஷனுக்குச் சுவரில் தெரியவில்லை. பாழாய்ப்போன நீளம்.

குறுக்குச் சுவரைத் திரும்பக் கட்டினால் தறியை எடுக்க வேண்டும். அதற்கு அவர் தலையை ஆட்டவே இல்லை. மாடியைக் குறைக்கவும் மாட்டேன் என்றார். பாக்கி ஒரே வழி, தெற்குப் பக்கம் மூன்று இடத்தில் முட்டுச் சுவர் கட்டுவது. வீட்டுக்குக் கால் அகட்டிக் கொடுத்த மாதிரி ஆகும் என்றார் ஓவர்சியர். அந்த இடம் மூத்தாருடையது.

"அவன்கிட்டப் போயி நான் கையேந்தணுமா?" என்று சொல்லிவிட்டு என் கணவர் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நானே போனேன். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் செவிலிமேட்டுக்குப் போனேன். என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, மோர் கொடுத்தாள். மூத்தார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "நடுவுல இருக்கிற விரிசல் இன்னும் மேல ஏறிடுச்சாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அவ்வப்போது வந்து காலி மனையில் நின்று சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"முட்டுக் கட்ட இடம் குடுங்க மாமா" என்றேன். அழுதுவிட்டேன்.

"நான் மாட்டேன்னு சொல்லலம்மா. அவன் வரட்டும். கேக்கக்கூட வேணாம். வாசல்ல நின்னு அண்ணான்னு கூப்பிட்டாப் போதும். பேசி எத்தினி வருசமாச்சு."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். கெஞ்சினேன். "ஒரு வார்த்தைதானேங்க, வாய் நோவுதா" என்று சண்டை போட்டேன். சாப்பிடாமல் படுத்தேன். அவர் அசையவில்லை. வீடு அசைந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. காலையிலிருந்தே வடக்கிலிருந்து காற்று. மேல்மாடி ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்து தெருவில் விழுந்தன. மகளை எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் வரவில்லை. தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை இருந்தது. அதன் மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எதிர்வீட்டு வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது மழைக்குள் ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டியில் சவுக்குக் கழிகள். கூடவே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மூத்தார். மாடு மிரண்டு மனைக்குள் வரவில்லை. வண்டிக்காரன் பயந்து தெருவிலேயே நின்றுவிட்டான். மூத்தார் ஒண்டியாகவே கழிகளை இழுத்துக்கொண்டு போய் நடுச்சுவரில் சாய்த்து முட்டுக் கொடுக்கத் தொடங்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"டேய், உள்ளயா இருக்கிற? வெளிய வந்துடுடா" என்று சுவரைத் தட்டிக் கத்தினார். "நீ வெளிய வந்துட்டா நான் போயிடுறேன்டா."

நான் தெருவைத் தாண்டி உள்ளே ஓடினேன். "உங்க அண்ணன் கூப்பிடுறாருங்க. எழுந்து வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் குரல் தெளிவாகக் கேட்டது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், மறுபடி கூப்பிட்டார்.

"என்னை யாரும் கூப்பிடல" என்றார் என் கணவர்.

அடுத்த கழியை ஊன்றும் சத்தம் கேட்டது. அப்புறம் தலைக்கு மேலே பெரிய மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். மாடிப்படி வழியாக வெளிச்சம் உள்ளே வந்தது. மேல்மாடிச் சுவர் முழுசாகத் தெற்கே, மூத்தார் நின்ற பக்கம், சாய்ந்துவிட்டது. எங்கள் மேல் ஒரு செங்கல்கூட விழவில்லை. தறிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் கணவர் அப்போதுதான் எழுந்தார். மழையில் செங்கல்லை இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்துகொண்டே, "அண்ணா, அண்ணா" என்று கத்தினார். தெருவே கேட்டது. தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் கத்தினார். மூத்தாரை வெளியே எடுத்தபோது அவர் கை ஒரு கழியைப் பிடித்தபடி இருந்தது.

கருமாதி முடியும் மட்டும் என் ஓரகத்தி எங்களோடு பேசவில்லை. அதற்குள் ஓவர்சியர் சொன்னபடி இரண்டு மாடியையும் இறக்கிவிட்டோம். வீடு பக்கத்து வீட்டு உயரத்துக்கு வந்துவிட்டது. இனி அதைக் காற்று ஒன்றும் செய்யாது. ஒரு நாள் அவள் காலி மனையில் வந்து நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கணவர் தறியில் இருந்தார், ஆனால் தறிச் சத்தம் வரவில்லை.

"அவரு மேல மண்ணு கெடக்கும்போது அண்ணான்னு கூப்பிட்டாராமே, தெருவுல சொல்லிக்கினாங்க" என்றாள் அவள்.

நான் ஆமாம் என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். உங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு இல்ல? முட்டுக் கட்டிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். தாங்க ஒன்றும் இல்லாத அந்தச் சுவருக்கு என் கணவர் மூன்று முட்டும் கட்டினார்.