சுவருக்கு இருபுறமும் ஒரே பெட்டி

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்த சமயத்தில்தான் அந்த அச்சகத்துக்கு நான் போகவேண்டி வந்தது. அப்போது விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். சிவகாசி அச்சகங்கள் பலவற்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. இந்த அச்சகத்தில் ஸ்டோரேஜ் பெட்டியை நிறுவியதே நான்தான். அதனால் வேறு ஆளை அனுப்ப முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஆள் உயர இரும்பு அலமாரி, உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள். அதுதான் ஸ்டோரேஜ். அதிலுள்ள மொத்த இடத்தையும் துண்டுகளாகப் பிரிப்போம். ஒரு துண்டுக்கு வால்யூம் என்று பெயர். எந்த வால்யூம் எந்த சர்வருக்கு என்று நாம் குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்துக் கொடுத்ததை அந்த சர்வர் தன் சொந்த டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். கொடுக்காதது அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது.

நான் போனபோது கட்டடத்தின் நடுவில் ஹாலோ பிளாக் சுவர் பாதி உயரம் எழும்பியிருந்தது. உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசிப் பாகம் பிரித்திருந்தார்கள். காலண்டர் வேலை அண்ணனுக்கு, பட்டாசு, தீப்பெட்டி லேபிள் தம்பிக்கு. அச்சு எந்திரங்களையும் கட்டிங் மெஷின்களையும் பிரித்தாகிவிட்டது. ஸ்டோரேஜ் பெட்டியை மட்டும் பிரிக்க முடியவில்லை. அண்ணன் பக்கத்து ஏசி அறையில் அது இருந்தது. தம்பி புதிதாக வாங்கிய சர்வர் சுவருக்கு அந்தப் பக்கம். சுவரில் ஒரு துளை விட்டு, அதன் வழியே ஃபைபர் கேபிளை இழுத்திருந்தார்கள்.

அண்ணன் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி வாசலில் நின்றார். இருவருமே என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"ஏம்மா, லேபிள் வேலை இருக்கிற துண்ட அவனுக்குக் கொடுத்துரு. காலண்டரு எனக்கு. பிரச்சன இல்ல" என்றார் அண்ணன்.

"படங்க இருக்குல்ல, அது யாருக்குன்னு கேளுங்க" என்றார் தம்பி.

அதில்தான் சிக்கல் இருந்தது. சாமி படங்கள், குழந்தைப் படங்கள், அருவிகள், பூக்கள் என்று பல வருடங்களாக ஓவியர்களிடமும் போட்டோ எடுப்பவர்களிடமும் வாங்கி, ஸ்கேன் செய்து, திருத்தித் திருத்திச் சேர்த்த படங்கள் ஒரே வால்யூமில் இருந்தன. காலண்டருக்கும் அவை வேண்டும், லேபிளுக்கும் வேண்டும்.

"ரெண்டு சர்வருக்கும் அத காட்டிருங்க. ரெண்டு பேரும் எடுத்துக்கிடுறோம்" என்றார் தம்பி.

"முடியாதுண்ணாச்சி" என்றேன். "ஒவ்வொரு சர்வரும் அது தனக்கு மட்டுந்தான்னு நெனச்சு எழுதும். ஒண்ணு எழுதினது இன்னொண்ணுக்குத் தெரியாது. அது மேலயே இது எழுதிரும். கடைசில ரெண்டு பக்கமும் ஒரு படமும் தொறக்காது."

முறை வைத்து எழுதச் செய்யும் மென்பொருள் உண்டுதான். ஆனால் அவர்களிடம் அது இல்லை. அண்ணன் சர்வரில் வைத்து, தம்பி நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வழியும் சொன்னேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவுக பூட்டுனா நான் கைய கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"நான் எதுக்குலே பூட்டப்போறேன்?" என்றார் அண்ணன். வாய் தவறித் தம்பியிடமே நேராகப் பேசிவிட்டார். சட்டென்று எழுந்து வெளியே போனார்.

அன்று ஒன்றும் முடியவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் படித்தது எந்திரங்களோடு வேலை செய்ய. இருவருக்கு நடுவில் தூது போவதற்கு அல்ல. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நர்ஸ். வார்டில் ஒரே நோயாளிக்காகச் சண்டை போடும் உறவினர்களை நிறையப் பார்த்தவர். "யாரு பக்கமும் பேசிராத. என்ன செய்ய முடியும்னு மட்டும் சொல்லு, முடிவ அவுகளே எடுக்கட்டும்" என்றார்.

மறுநாள் அப்படியே செய்தேன். படங்களை நகல் எடுத்து ஆளுக்கொரு வால்யூம் கொடுத்துவிடலாம். ஆனால் பெட்டியில் அவ்வளவு காலி இடம் இல்லை. 'பழைய வேலைகள்' என்று ஒரு பெரிய வால்யூம் இருந்தது. அதைக் காலி செய்து அழித்தால் அந்த இடத்தில் புதிய வால்யூம் உருவாக்கலாம். அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியாது.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாத்தாத்தான் ஆகும்" என்றேன்.

மாலையில் தம்பி ஒரு ஸ்டூலை எடுத்துவந்து அண்ணனின் நாற்காலிக்குச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் மூவரும் ஒரே மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஒவ்வொன்றாகத் திறப்பேன். "வேண்டாம்" என்பார் ஒருவர். "டேப்ல ஏத்திருங்க" என்பார் மற்றவர். பழைய ஃபைல்களைப் பத்திரப்படுத்தி வைக்கும் காந்த நாடா அது. மூடிப்போன கடைகளின் காலண்டர்கள், தடை வந்து நின்றுபோன வெடிகளின் லேபிள்கள், மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துத் திரும்பி வந்த கல்யாணப் பத்திரிகை. அதைப் பார்த்தபோது இருவருமே சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

ஒரு காலண்டர் படம் வந்தது. வெண்ணெய்ப் பானையோடு கிருஷ்ணர் வேஷத்தில் ஒரு பெண் குழந்தை. கன்னத்தில் கண்ணீர் காயாமலே சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணனின் மகள் என்று பிறகுதான் தெரிந்தது.

"என்னா அழுக அழுதா அன்னைக்கு" என்றார் தம்பி, யாரையும் பார்க்காமல்.

"நீ கேமராவுக்குப் பின்னால நின்னு குதிச்சியே. அப்புறந்தான சிரிச்சா" என்றார் அண்ணன்.

நான் மவுஸில் கை வைத்தபடி காத்திருந்தேன்.

"ரெண்டு பக்கமும் போடுங்க" என்று தம்பி மெதுவாகச் சொன்னார். "அடுத்தது."

வேண்டியதையெல்லாம் டேப்பில் ஏற்றிச் சரிபார்த்த பிறகு பழைய வால்யூமை அழித்து, தம்பிக்கென்று புதியதை உருவாக்கிப் படங்களை நகல் எடுத்தேன். கடைசியாக லேபிள் வால்யூமை மாற்றவேண்டும். அண்ணன் பக்கத்துப் பழைய சர்வரில் அதை நிறுத்தி, அந்தச் சர்வரின் பெயரிலிருந்து எடுத்தேன். அவருடைய திரையில் இருந்த அந்த டிரைவ் மறைந்தது.

அவர் எழுந்தே விட்டார். "போச்சா?"

"போகலண்ணாச்சி. இங்கன இருந்து பாத்தா தெரியாது. பெட்டிக்குள்ள அப்படியேதான் இருக்கு."

அதே வால்யூமைத் தம்பியின் சர்வருக்குக் குறித்துக் கொடுத்தேன். அந்தச் சர்வரில் ஃபைபர் கேபிள் செருகும் அட்டைக்கு ஒரு நீளமான எண் உண்டு, அதை வைத்துத்தான் பெட்டி சர்வரை அடையாளம் காணும். அதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். தம்பியை அந்தப் பக்கம் போய் டிஸ்க்குகளை மறுபடி தேடச் சொல்லி அனுப்பினேன். சுவர் இன்னும் முழுதாக எழும்பவில்லை. அதற்கு மேலாக அவர் குரல் வந்தது.

"அண்ணே, வந்துருச்சு! எல்லாம் வந்துருச்சு!"

அண்ணன் என்னிடம் சொன்னார்: "நாலஞ்சு ஃபைலத் தொறந்து பாக்கச் சொல்லும்மா. சும்மா பேர மட்டும் பாத்துட்டு வந்துருச்சுன்னு குதிப்பான்."

அதற்குப் பிறகு அவர்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். சேரவில்லை. சுவர் எழும்பியது, பூசி வெள்ளையடித்தார்கள். வாசல்கள் வெவ்வேறு தெருவைப் பார்த்தன. இரண்டு பக்கமும் தனித்தனியாக எனக்கு டீ வரும். ஒரு பக்கம் குடித்ததை மறுபக்கம் சொல்லமாட்டேன்.

ஒரு தை மாதம் காலண்டர் சீசன் முடிந்து அண்ணனின் அச்சகம் லீவு விட்டபோது அவர் போன் செய்தார். வயரிங் வேலைக்காகக் கரண்டை முழுக்க நிறுத்தப்போவதாகச் சொன்னார். "அந்தப் பெட்டிய நிப்பாட்டினா அவன் வேலையும் நின்னு போகுமோ?"

"ஆமாண்ணாச்சி. அவுக படம், லேபிள் எல்லாம் அதுலதான இருக்கு."

"அவனுக்கு இப்பத்தான் ஆர்டர் வார நேரம்" என்று சொல்லி யோசித்தார். ஏசி அறைக்கு மட்டும் ஜெனரேட்டரிலிருந்து தனி லைன் இழுத்தார்கள் என்று பிறகு எலக்ட்ரீஷியன் சொன்னார். தம்பிக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்துத் தம்பி தனக்கென்று ஒரு ஸ்டோரேஜ் வாங்கினார். அவருடைய வால்யூம்களை அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சுவர்த் துளையிலிருந்து கேபிளை உருவினேன். அண்ணனிடம் வந்து, இவ்வளவு இடம் காலியாகியிருக்கிறது, உங்கள் சர்வருக்கே ஒதுக்கிவிடவா என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம்மா. கொஞ்ச நாளு சும்மா இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஆடியில் ஆர்டர்கள் குவிந்து இடம் போதாமல் போனது. அவரே போன் செய்து அந்த இடத்தைக் கேட்டார். போய் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.