சகாயமேரி அக்கா எழுதிய ஒரு வரி

செய்தி வந்தபோது நான் கோர்ட் வாசலில் ஒருவருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். "செல்வி, சகாயமேரி அக்கா போய்ட்டாங்கடி, டிவில ஓடுது" என்று தோழி போனில் சொன்னாள். மனுவை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டிருந்தால் அக்கா திட்டியிருப்பார்.

முன்னாள் அமைச்சர் அல்லவா, அரசு மரியாதையோடு அடக்கம். ஒரு காலத்தில் அவரைத் தரதரவென்று இழுத்து வேனில் ஏற்றிய காக்கிச் சட்டைக்காரர்கள், வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் 'ஏழைகளின் தாய்' என்றார்கள். நீலசந்திராவில் இடிந்த வீடுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவரோடு மறியலில் தெருவில் உட்கார்ந்த தோழர்களே, உங்களுக்கும் எரிந்திருக்கும்.

அவரை முதலில் பார்த்தது ஒரு காவல் நிலையத்தில். என் அண்ணனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போயிருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே, தான் குடியிருந்த ஜோகுபாளையத்திலிருந்து நடந்து வந்த அக்கா, பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்: "யாவ செக்‌ஷன் சார்? பரெது கொடி." எந்தப் பிரிவு, எழுதிக் கொடுங்கள். எழுத அவர்களிடம் ஒன்றுமில்லை. சாயங்காலம் அண்ணனை விட்டுவிட்டார்கள். "அழுவாத. கன்னடம் எழுத வருமா? நாளைக்கு வா" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து அவர் சொல்லச் சொல்ல மனு எழுதினேன். தண்ணீருக்கு, பட்டாவுக்கு, லாக்கப்பில் அடிபட்டவர்களுக்கு. எல்லா மனுவின் ஓரத்திலும் அதிகாரிகள் ஒரே குறிப்பை எழுதிக் கீழே அனுப்புவார்கள்: 'நியமானுசார கிரம'. விதிப்படி நடவடிக்கை. "ஒண்ணும் செய்ய மாட்டோம்னு மரியாதையா சொல்றான், பாத்துக்கோ" என்று அக்கா சிரிப்பார். உண்மையிலேயே ஒன்றும் நடக்காது.

தேர்தலில் நின்றார், ஜெயித்தார், அமைச்சரும் ஆனார். நாங்கள் பட்டாசு வெடித்தோம்.

பிறகுதான் நீலசந்திராவில் கால்வாய் ஓரத்து வீடுகளை இடிக்கும் கோப்பு அவர் மேஜைக்கு வந்தது. இடிக்க வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த மனுவை எழுதியவள் நான். அதன் ஓரத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்த சாய்ந்த கையெழுத்தில், அதே வரி: நியமானுசார கிரம. அக்காவிடம் ஓடினேன்.

"நான் போடலன்னா இன்னொருத்தன் வந்து போடுவான், செல்வி."

"போடட்டும்க்கா. நீங்க போடாதீங்க."

அக்கா எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. எங்களுக்காக ஒரு நாளும் நடக்காத நடவடிக்கை, அந்த வாரமே ஜேசிபியோடு நடந்தது. சனங்களை ஊருக்கு வெளியே, ஹெப்பகோடிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலையும் போயிற்று.

பதவி போன பிறகு ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். "வா, கன்னியம்மாவப் பாத்துட்டு வரலாம்." கன்னியம்மா எங்களோடு மறியல்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவள். இடிந்த வீடுகளில் முதலாவது அவளுடையது. அவள் திட்டுவாள் என்று நினைத்துப் போனோம். அவளோ நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றாள். அதுவரை அவளுக்கு அவர் 'அக்கா'தான்.

"தப்பு பண்ணிட்டேன், கன்னியம்மா."

"அத வூட்ட இடிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும், மேடம். டீ குடிக்கறீங்களா?"

அக்கா குடித்தார். டம்ளரைத் தானே கழுவி வைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் என் கோபம் தணியவில்லை. இன்றும் தணியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "நான் செத்தா எல்லாரும் நல்லதாவே பேசுவாங்க. நீ பேசாத. இத எழுது."

அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று யாரும் கேட்க வேண்டாம். மன்னிப்பதானால் அது கன்னியம்மாவின் பாடு. அக்கா எனக்கென்று விட்டுப்போனது இந்த எழுத்து வேலை ஒன்றுதான். எத்தனையோ பேருக்கு எதிராக மனு எழுதியாயிற்று. அக்காவுக்கு எதிராக நான் எழுதும் மனு இது. எழுதச் சொன்னதும் அக்காதான்.