ஊஞ்சலில் விரித்த படுக்கை

எழுபதுகளின் தொடக்கம். என் மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையில் சேர்ந்திருந்தாள். பொன்முடி முகாமுக்குப் போக அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் படுக்கை விரிக்கும் பரீட்சையில் தேற வேண்டும். டீச்சர் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம்.

அதற்கொரு புத்தகம் உண்டு, வெள்ளைக்காரர்கள் தங்கள் பெண்களுக்காக எழுதியது. ராணிக்குச் சேவை என்றிருந்த இடத்தையெல்லாம் அடித்து, தேசத்துக்கு என்று மையால் எழுதியிருந்தார்கள். கட்டிலையும் கம்பளியையும் யாரும் அடிக்கவில்லை. நல்ல பெண் என்றால் கம்பளி மூலைகளைத் தபால் உறை மாதிரி மடித்து மெத்தைக்கடியில் செருக வேண்டும்.

பத்மநாபசுவாமி கோயில் பக்கம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாய்தான். அதனால் கூடத்து ஊஞ்சலில் மெத்தை போட்டோம். கம்பளி, என் வீட்டுக்காரர் சபரிமலைக்குக் கொண்டுபோனது.

டீச்சர் வந்தது புரட்டாசி சனிக்கிழமை. நான் மடியாக நைவேத்தியம் செய்துகொண்டிருந்தேன். படுக்கையைத் தொட்டால் விழுப்பு, மறுபடி குளிக்க வேண்டும். இவளோ ஒரு மூலையைச் செருகினால் ஊஞ்சல் நகர்ந்து மறு மூலை அவிழ்கிறது. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"அம்மா, சங்கிலியையாவது பிடிச்சுக்கோயேன்!"

"சங்கிலி வழியா விழுப்பு ஏறாதோடி?"

"ஏறறதுக்கு அது என்ன கரண்டா?" என்றார் பூஜையிலிருந்த என் வீட்டுக்காரர்.

"அப்போ நீங்க வந்து பிடிங்கோ."

"நானா? எனக்கெதுக்கு வம்பு?"

பத்மநாபா, பாம்புமேல் படுத்திருக்கிறவன் நீ, படுக்கையின் கஷ்டம் உனக்குத் தெரியாததா என்று வேண்டிக்கொண்டு சங்கிலியைப் பிடித்தேன். நாலு மூலையும் நின்றது. பெண் விறைப்பாக சல்யூட் வைத்தாள்.

டீச்சர் மலையாளி, கனத்த உடம்புக்காரி. "கொள்ளாம்" என்று மெச்சிவிட்டு, ஆள் படுத்தால் தாங்குமா பார்க்கிறேன் என்று ஏறிப் படுத்தார். அப்படியே தூங்கிப்போனார்.

"கை வலிக்கறதும்மா. டீச்சர் சொல்லாம சல்யூட்டை இறக்கப்படாது. எழுப்பட்டுமா?"

"தூங்கறவாளை எழுப்பினா பாவம்டி."

"நீ ஆட்டறதை நிறுத்தேன்!"

அப்போதுதான் பார்த்தேன், என் கை சங்கிலியை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நாலு பெற்ற கை. சட்டென்று விட்டேன். ஊஞ்சல் நின்றது, டீச்சர் விழித்துக்கொண்டார். இறங்கிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலைகூட அவிழவில்லை.

"மோள் பாஸாயி!"

ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், படுக்கையெல்லாம் தொட்ட கையோடு.

"பொண்ணு பாஸ். அம்மா கிணத்தடிக்கு!" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

எனக்கு விட மனசு வரவில்லை. பெருமாள் கொஞ்சம் பசி பொறுப்பார் என்று இன்னும் இறுக்கிக்கொண்டேன்.