முடித்தவர் பெயரைக் கேட்டவர்

வெள்ளையம்மாள் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவருடைய அலுவலகம் அல்ல. என் பழைய மாணவி ரம்யா. நாமக்கல் கூட்டம் முடிந்ததும் தன் கல்லூரிக்கு வருவதாகச் சொன்னவரைக் காணவில்லையே என்று அவள் அழைத்திருக்கிறாள். அவருடைய போனை வேறு யாரோ எடுத்து, மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். "டீச்சர், இன்ஜினியரம்மா போயிட்டாங்களாமுங்க" என்றாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் நான் எழவில்லை.

மலைமேல் இருக்கும் எங்கள் செம்மேட்டில் அவரை அறியாதவர்கள் குறைவு. இதே மலையின் குண்டனி நாட்டில் பிறந்து, பொறியியல் படித்து, சொந்த மலைக்கே ஒன்றிய அலுவலகப் பொறியாளராக வந்தவர். சிறுபாலம் கட்டும் இடத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். கலவையில் தண்ணீர் கூடிவிட்டால் மேஸ்திரியிடம், "ஏனுங்க, ரசம் வைக்கிறீங்களா?" என்பார். நான் ராசிபுரத்திலிருந்து மாற்றலாகி வந்த இயற்பியல் ஆசிரியை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஊர் அழைப்பதுபோல நானும் அவரை இன்ஜினியரம்மா என்றே அழைத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ரம்யா பிளஸ் டூ முடித்தாள். அவள் மதிப்பெண்ணுக்கும் மலைவாழ் பிரிவு ஒதுக்கீட்டுக்கும் கலந்தாய்வில் கீழே உள்ள ஒரு பெரிய கல்லூரியே கிடைக்கும் என்று தெரிந்ததும் ஆசிரியர் அறையில் இனிப்பு வாங்கிவிட்டோம். அவளுக்கு மெக்கானிக்கல் மேல் ஆசை. அன்று பள்ளிக்கு வந்திருந்த இன்ஜினியரம்மா மட்டும் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் காலேஜை இங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா?" யாரும் பார்த்ததில்லை. "மார்க்கு உள்ள விடும் டீச்சர். உள்ள இருக்க வைக்காது. பாத்துட்டு எழுதுவோம்."

ரம்யா, அவள் அப்பா, இன்ஜினியரம்மா, நான் என்று ஒரு சனிக்கிழமை போனோம். சேர்க்கை அலுவலர் எங்களைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, ரம்யாவின் அப்பாவிடம், "கவலையே படாதீங்க. உங்க மலைப்பக்கத்துப் பிள்ளைங்க வருஷா வருஷம் இங்க சேர்றாங்க" என்றார்.

"சந்தோசமுங்க" என்றார் இன்ஜினியரம்மா. "சேர்ந்தவங்க இருக்கட்டும். படிச்சு முடிச்சுட்டுப் போன பொம்பளப் பிள்ள ஒண்ணோட பேரு சொல்லுங்க. போன் பண்ணிப் பேசிக்கிறோம்."

அலுவலர் கணினித் திரையைப் பார்த்தார். பிறகு எங்களுக்குக் காபி சொன்னார்.

காபி வருவதற்குள் இன்ஜினியரம்மா எழுந்து, மெக்கானிக்கல் கட்டடத்தில் பெண்கள் கழிப்பறை எங்கே என்று கேட்டார். விருந்தினர் அறையிலேயே நல்ல வசதி இருப்பதாக அலுவலர் சொன்னார். "நான் விருந்தாளி இல்லீங்க. அங்க படிக்கிற பிள்ள எங்க போகுமோ அங்கயே போறேன்." அது மைதானத்துக்கு அப்பால், நூலகத்தின் பின்புறம் இருந்தது. போய்த் திரும்புவதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும்.

காண்டீனில் தான்சானியா நாட்டுப் பெண் ஒருத்தி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மற்ற மேசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள்கூட அவளருகில் வரவில்லை. இன்ஜினியரம்மா நேரே போய் அவளெதிரே உட்கார்ந்தார். பெயர் நேமா, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. காண்டீன்காரர்களிடம் கற்ற தமிழ். "பரோட்டா வேணாம் அக்கா, நேத்து போட்டது" என்றதும் ரம்யாவின் அப்பா சிரித்துவிட்டார்.

"இங்க எப்படி இருக்குங்கக்கா?" என்றாள் ரம்யா.

"முதல் வருஷம் அழுகை. கேக்காம போட்டோ எடுப்பாங்க. முடியத் தொட்டுப் பாப்பாங்க. எந்த ஊரு, எந்த ஊருன்னு தினமும் கேள்வி."

"என்னையும் கேப்பாங்களா?"

நேமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்கிட்ட இங்கிலீஷ்ல கேப்பாங்க. உன்கிட்ட தமிழ்ல கேப்பாங்க. அவ்வளவுதான்."

பிறகு அவளே ரம்யாவைப் பட்டறைக்கு அழைத்துப்போனாள். திரும்பி வந்தபோது ரம்யாவின் விரல்களில் எண்ணெய்க் கறை. வழியெல்லாம் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸில் இன்ஜினியரம்மா, "வேணாம் சாமி" என்றார். "லேடீஸ் காலேஜ் ஒண்ணு இருக்கு, அது போதும். அங்க நம்ம பிள்ளைங்க இருக்காங்க." அன்றுதான் தன் கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசினார். "மலையிலிருந்து நானும் ராசாத்தியும் ரெண்டே பேரு. பேரு வெள்ளையம்மா, ஆளு கறுப்பு. நான் உள்ள நுழைஞ்சாலே, 'வெள்ளையம்மா வந்தாச்சு, லைட்டைப் போடு'ம்பானுங்க. நான் திட்டிருவேன். ராசாத்திக்குத் திட்ட வராது. என்னைய விட நல்லாப் படிப்பா. பொங்கலுக்கு ஊட்டுக்குப் போனவ, வரவே இல்ல."

ரம்யா விரலிலிருந்த கறையை இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு, "பயமாத்தானுங்க இருக்கு. ஆனா லேடீஸ் காலேஜ்ல மெக்கானிக்கல் இல்லீங்களே" என்றாள்.

"பெரியவங்க சொன்னாக் கேளு கண்ணு" என்றார் அப்பா.

"கேட்டுட்டேங்கப்பா. எனக்கு அதுதான் வேணும்."

இன்ஜினியரம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி இதில் அவர் தலையிட மாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் கலந்தாய்வுக்குக் கல்லூரி வரிசையைப் பதிவுசெய்த அன்று பள்ளிக்கு வந்து, ரம்யா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதையே மொதல்ல போடு. நான் இப்பவும் வேணாம்னுதான் சொல்லுவேன். நீ போடு."

அதன்பின் நாமக்கல்லில் எப்போது அலுவலகக் கூட்டம் இருந்தாலும், முடிந்ததும் அந்தக் கல்லூரிக்குப் போய்விடுவார். எல்லோரும் பார்க்க ரம்யாவோடு உட்கார்ந்து சாப்பிடுவார். "யாருமில்லாத பிள்ளைன்னு அங்க ஒருத்தனும் நெனைக்கக் கூடாது டீச்சர்." மெக்கானிக்கல் கட்டடத்துக்குள் கழிப்பறை கட்டத் தானே வரைபடம் போட்டு, முதல்வரின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது என்று சிரிப்பார். ஆனால் போகும்போதெல்லாம் நினைவுபடுத்துவார். முதல் பருவத்தில் ஒரு பாடம் போய்விட, ரம்யா போனில் அழுதபோது நான் பக்கத்தில் இருந்தேன். "அழு. அழுதுட்டுச் சாப்பிடு. சாப்பிட்டு வேணும்னா மறுபடியும் அழு. இந்த வாரம் மட்டும் ஊட்டுக்கு வராத" என்றார்.

அடக்கத்துக்கு ரம்யா வந்திருந்தாள். அழுது கண்கள் வீங்கியிருந்தன. மாலையில் அவள் அப்பா, "ஒரு வாரம் இருந்துட்டுப் போ கண்ணு. இனி அங்க உன்னை யாரு வந்து பாப்பா?" என்றார். எனக்குப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போன ராசாத்தியின் நினைவு வந்தது. இருக்காதே என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு லேப் இருக்குதுங்கப்பா" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவரை நினைக்க இந்த மலையில் பாலங்கள் இருக்கின்றன. நான் வைத்துக்கொள்வது வேறு. என் யோசனையை ஏற்காதவர்களிடமிருந்து மெல்ல விலகிவிடுவது என் சுபாவம். அதைப் பெருந்தன்மை என்றுகூட எண்ணியிருக்கிறேன். அவரோ, தன் பேச்சைக் கேட்காத பிள்ளையின் பின்னாலேயே போனார். தான் சொன்னது தப்பாகிப்போகட்டும் என்று அத்தனை பாடுபட்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரம்யா படித்து முடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இனி அந்தக் காண்டீனில் அவளோடு நான் போய் உட்காருவேன். அவர் விட்டுப்போனதில் அந்த ஒரு வருடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.