நாலு எழுத்துப் பாம்பு

இக்காஸ்ட் என்ற டெனிஷ் ஊரில் நாங்கள் இருந்த மாடிக்கட்டடத்தில், கீழ்வீட்டில் ஒரு சீன அன்ரி தனியாக இருந்தார். அம்மாவின் தொழிற்சாலையில்தான் அவருக்கும் வேலை, ஷிப்ட் மட்டும் வேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை நான் அவர் வீட்டில் இருப்பேன்.

ஒருநாள் அவர் தந்த தேநீருக்குள் ஒரு கறுத்த பாம்பு நெளிந்தது. பிறத்தியார் வீட்டில் தந்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டேன், பாம்போடு.

அன்றைக்கே வயிறு நோகத் தொடங்கியது. சாப்பிட்டால் அது வளரும், சாப்பிடாவிட்டால் பசியில் என் குடலைக் கடிக்கும். இரண்டுக்கும் பயந்து சோற்றைக் கொறித்தேன். டொக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பாம்புக்கு நீந்த வசதி என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னால் அன்ரியோடு சண்டைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் வேறு. கீழே போகமாட்டேன் என்று மட்டும் அடம்பிடித்து, வீட்டுத் திறப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மேலே தனியே கிடந்தேன்.

ஒரு சனிக்கிழமை அன்ரியே படியேறி வந்தார். அம்மாவின் டெனிஷ் அப்போது தொழிற்சாலை வாசலைத் தாண்டியிருக்கவில்லை. அன்ரி கேட்டதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தான் ஏதும் பிழை விட்டிட்டாவோ எண்டு கேக்கிறா."

"நீ அங்கை என்ன சொல்லிப்போட்டு வந்தனி?" என்றார் அம்மா.

அழுதபடி பாம்பைப் பற்றி இரண்டு மொழியிலும் சொன்னேன். அன்ரி சிரிக்கவில்லை. எங்களைக் கீழே கூட்டிப்போய், என்னை அதே கதிரையில் இருத்தி, அதே கோப்பையில் தேநீர் ஊற்றினார். பாம்பு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்தேன். அன்ரி எட்டி, மேசைக்கு மேல் தொங்கிய விளக்கின் வயரை ஆட்டினார். பாம்பும் ஆடியது.

"இதுக்கோ கிழமைக்கணக்கா என்னைச் சாக்காட்டினனி?" என்றார் அம்மா.

அன்ரி ஒரு பேப்பர் ஓரத்தில் நாலு எழுத்து எழுதினார். கோப்பை, வில், பாம்பு, நிழல். முன்னொரு காலத்தில் ஒருவர் தன் கூட்டாளிக்கு மது கொடுத்தாராம். சுவரில் மாட்டியிருந்த வில்லின் நிழல் கோப்பையில் விழ, பாம்பென்று பயந்து குடித்தவர் நோயில் விழுந்து, வருவதையே நிறுத்திவிட்டாராம். மது கொடுத்தவர் தேடிப்போய்க் காரணம் கேட்டு, கூட்டிவந்து, அதே இடத்தில் இருத்தி வில்லைக் காட்ட, நோய் போய்விட்டதாம். அன்றிலிருந்து வீண் பயத்துக்கு அவர்கள் ஊரில் இந்த நாலு எழுத்துத்தான் பெயர்.

இவ்வளவு கதையையும் நாலு எழுத்துக்குள் எப்படி அடைத்தார்கள்? எனக்கு அது பெரிய புதினம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தேடிப்போனவர் எதற்குள் நிற்கிறார் என்று கேட்டேன்.

அன்ரி எழுத்துகளைத் திரும்பப் பார்த்தார். அவர் இதற்குள் இல்லை என்றார். பிறகு என் கோப்பையை நிரப்பினார்.

வயிற்றுநோ அன்றே போய்விட்டது. பயம் போகவில்லை, இன்றும் எந்தக் கோப்பையையும் சாய்த்துப் பார்த்துத்தான் குடிக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அந்த நாலு எழுத்து மட்டும் இன்னும் கைவரும்.

பாம்பு என் கோப்பையில் மட்டும்தான் இருந்தது என்று அன்று நினைத்திருந்தேன். எங்கள் வாசலுக்கு வந்து, தான் ஏதும் பிழை விட்டுவிட்டேனோ என்று கேட்குமுன், அன்ரி எத்தனை நாள், என்ன பாம்பைப் பார்த்துக்கொண்டு, தனியே தேநீர் குடித்திருப்பார் என்று யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.